ஒரே கிணறு, மூன்று பேனர்

வெளிநாட்டு ஊழியத்துக்காக நான்கு சபைப்பிரிவுகள் சேர்ந்து அமைத்த கூட்டுக்குழுவில் ஒன்பது ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். முதல் ஆண்டில் வந்த மூன்று அறிக்கைகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மூன்றிலும் படத்தில் இருப்பது ஒரே கிணறு, பேனர் மட்டும் வேறு வேறு. மூன்று சபைகள் தனித்தனியாகப் பணம் அனுப்பி, தனித்தனியாகப் படம் கேட்டிருந்தன. அங்குள்ள மூப்பர், பாவம், பேனரை மாற்றி மாற்றிக் கட்டிப் படம் எடுத்திருக்கிறார். தப்பு எங்களுடையதுதான்.

அதனால் சேர்ந்து வேலை செய்ய நினைப்பவர்கள் முதலில் அங்குள்ள சபைக்கு எல்லார் சார்பிலும் ஒரே கடிதம் எழுதுங்கள். "என்ன அனுப்பட்டும்?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "நாங்கள் வரலாமா? ஏற்கெனவே யார் யார் உங்களோடு இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். 1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் நம் தமிழ்ப் போதகர் வே. சா. அசரியா மிஷனெரிகளின் தியாகத்தையெல்லாம் மெச்சிவிட்டு, கடைசியில் "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. அங்குள்ள சபைக்குக் குழுவில் ஓட்டுரிமையோடு இடம் கொடுங்கள். விருந்தாளி நாற்காலி போதாது.

அப்புறம், ஒத்துப்போகாத விஷயங்களை முதல் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள். ஞானஸ்நானம் குழந்தைக்கா, விசுவாச அறிக்கைக்குப் பிறகா? திருவிருந்தை யார் நடத்துவது? பெண்கள் போதகராகலாமா? இதையெல்லாம் "பிறகு பார்ப்போம்" என்று தள்ளினால், அங்கே முதல் குடும்பம் சபையில் சேரும் நாளில் சண்டை வரும். 1952-ல் சுவீடனின் லுண்ட் நகரில் சபை ஒற்றுமைக்காகக் கூடிய உலக மாநாடு, ஆழ்ந்த நம்பிக்கை வேறுபாடு பிரிக்கிற காரியங்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நாம் சேர்ந்து நடக்க வேண்டாமா என்று சபைகளைக் கேட்டது. நாங்கள் அதை வைத்து ஒரு தாளின் நடுவே கோடு போட்டோம். மருத்துவமனை, பள்ளி, பேரிடர் நிவாரணம், வேதாகம மொழிபெயர்ப்பு ஒரு பக்கம். திருவிருந்தும் குருப்பட்டமும் மறுபக்கம். மொழிபெயர்ப்பில் கத்தோலிக்கரும் சேரலாம். ஐக்கிய வேதாகமச் சங்கங்களும் வத்திக்கானும் 1968-லேயே அதற்குக் கூட்டு நெறிமுறைகள் வகுத்துவிட்டன.

புதிதாக வருகிறவர்கள் எந்தச் சபை? இதற்குப் பழைய மிஷன்கள் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. ஆற்றின் இக்கரையில் பிறந்தால் மெதடிஸ்ட், அக்கரையில் பிறந்தால் பிரஸ்பிட்டேரியன்! அந்த வழி வேண்டாம். அங்குள்ள சபையே தீர்மானிக்கட்டும்.

பணத்துக்கு ஒரே வங்கிக் கணக்கு. இரண்டு கையெழுத்து, அதுவும் வெவ்வேறு சபைக்காரர்களுடையது. ஆண்டுக்கு ஒரே அறிக்கை, அதன் நகல் எல்லாருக்கும். தணிக்கை முடியாமல் அடுத்த தவணை போகக் கூடாது. இதில் தாட்சணியம் பார்க்காதீர்கள்.

அனுப்பப்படும் மிஷனெரிக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், மருத்துவக் காப்பீடு யார் கட்டுகிறார்கள், விடுப்புக்கு யார் அனுமதி தருகிறார்கள் என்பதை எழுத்தில் வையுங்கள். முக்கியமாக, கலவரம் வந்தால் "கிளம்பி வா" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? ஒருமுறை நள்ளிரவில் தொலைபேசி வந்தபோது எங்களில் நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னோம். விடிந்ததும் ஒரே பெயரை எழுதி, மற்றவர்கள் கையெழுத்துப் போட்டோம்.

பேனர் செலவு என்று ஒரு வரி எங்கள் பட்ஜெட்டில் இருந்தது. மூன்றாம் ஆண்டில்தான் அதை அடித்தோம். ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசியதைவிட அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.