பச்சை மணி சிவப்பாகும்: வீட்டில் நுண்பாசி நிறமி எடுத்தல்

ஹீமட்டோகாக்கஸ் என்னும் நன்னீர் நுண்பாசியைப் பட்டினி போட்டு வெளிச்சத்தில் வாட்டினால் பச்சை மாறிச் சிவக்கும். அந்தச் சிவப்பு அஸ்டாசாந்தின். வெந்த இறாலில் தெரியும் அதே நிறமிதான். ஆனால் இந்தப் பாசி வடிகட்டும் துணியில் தங்காது, வழிந்தோடிவிடும். அதனால்தான் ஜவ்வரிசி போன்ற மணிகளுக்குள் அடைத்து வளர்க்கிறேன்; பிரித்தெடுக்கத் தேநீர் வடிகட்டி போதும்.

பாசியைப் பச்சையாக வளர்த்து வைத்துவிட்டீர்கள் என்று கொள்கிறேன். 100 மில்லி வடிநீரில் 3 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டை (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்மப் பொடி) தூவித் தூவிக் கலக்குங்கள். மின்கலக்கி வேண்டவே வேண்டாம். நுரை தங்கி மணிகள் மிதக்கும். முட்டை அடிக்கும் கம்பியே மேல். இரவெல்லாம் மூடி வையுங்கள். காலையில் 50 மில்லி அடர்த்தியான பாசிநீரைச் சேர்த்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் 2 சதவீதக் கால்சியம் குளோரைடு கரைசலில் அரைச்சாண் உயரத்திலிருந்து சொட்டுங்கள். தாழ்த்திப் பிடித்தால் மணிக்கு வால் முளைக்கும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மா எட்டிப் பார்த்து, “ரப்பர் பாலுக்கு ஆசிட் விட்டது போல உறைகிறதே!” என்றார். இங்கே உறைய வைப்பது கால்சியம். அரைமணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள்.

நான் சறுக்கியது இதற்குப் பிறகுதான். மணிகளை வழக்கமான வளர்ப்பு நீரில் போட்டேன். நான்காம் நாள் விரலில் சளியாக வழுக்கின. வார முடிவில் போத்தலில் பச்சைக் கஞ்சிதான் மிச்சம். பாசி அழுகிவிட்டதென்று நினைத்து இரண்டு முறை கொட்டினேன். குற்றவாளி அந்த வளர்ப்பு நீரில் உரமாக இருந்த பாஸ்பேட். அது கால்சியத்தைப் பறித்துக்கொள்ள, மணி குலைந்துவிடுகிறது. இப்போது பாஸ்பேட் உப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டேன். வாரம் ஒருமுறை மணிகளைக் கால்சியம் கரைசலில் பத்து நிமிடம் முக்கி எடுக்கிறேன்.

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் நண்பகல் சூடு இதற்கு ஆகாது. 25 பாகையைத் தாண்டாத குளிர்சாதன அறையில், எல்இடி விளக்கின் கீழ் வையுங்கள். பச்சை அடர்ந்ததும் பட்டினி போட, நைட்ரேட் உரம் இல்லாத நீருக்கு மாற்றி விளக்கை நெருக்குங்கள். முதலில் பழுப்பு, பிறகு செங்கல் நிறம்.

சிவந்த மணிகளைச் சோடியம் சிட்ரேட் கரைசலில் கரையுங்கள். இதுவும் கால்சியத்தைப் பறிப்பதுதான். இந்த முறை நமக்காக. அடியில் படிவதை உலர்த்தி, கல்வத்தில் நன்றாக அரைத்து (செல்லின் ஓடு கெட்டி), சமையல் எண்ணெயில் ஊறவைத்தால் நிறம் இறங்கும். வெளிச்சம் பட்டால் வெளுக்கும். சாப்பிட வேண்டாம்.

பிற்சேர்க்கை: ஸ்பிருலினாவில் முயன்ற வாசகர் ஒருவருக்கு மணிகள் உடைந்துவிட்டனவாம். அந்த நீரில் சமையல் சோடா மிகுதி, கால்சியத்தைச் சுண்ணாம்பாக்கிவிடும். ஸ்பிருலினாவுக்கு மணியே தேவையில்லை. இழைப்பாசி அது, துணியிலேயே தங்கும்.