வீட்டுத் தோட்டத்து ஹாப்ஸ்: கூம்பு முற்றும் கடைசி வாரங்கள்

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியில் கூம்பு பிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணித்தான் முதல் அறுவடையில் நான் ஏமாந்தேன். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், வில்லாமெட் பள்ளத்தாக்கில், வீட்டுக்குப் பின்புறம் வேலியோரமாக ஏற்றிவிட்ட காஸ்கேட் ரகக் கொடி அது. ஆகஸ்ட் நடுவில் ஒரு சனிக்கிழமை கை ஓய்வாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் பறித்தேன். காய்ந்த கூம்புகளைக் கசக்கி முகர்ந்தபோது வெட்டிய புல்லின் வாசனைதான் வந்தது. இன்னும் பத்துப் பதினைந்து நாள் பொறுத்திருக்க வேண்டும்.

ஹாப்ஸ், கஞ்சா குடும்பத்தைச் சேர்ந்த தாவரம். இதிலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. நமக்கு வேண்டிய சரக்கு, கூம்பு என்று நாம் சொல்லும் பெண் பூவில்தான் இருக்கிறது. கூம்பை நீளவாக்கில் பிளந்து பார்த்தால், மெல்லிய செதில்களின் அடியில் மஞ்சள் மாவுபோல ஒட்டியிருக்கும் துகள்களைக் காணலாம். லுபுலின் எனப்படும் அந்தச் சுரப்பிகளில்தான் பீருக்குக் கசப்பூட்டும் ஆல்ஃபா அமிலங்களும், மணம் தரும் மிர்சீன், ஹியூமுலீன் போன்ற எண்ணெய்களும் சேர்கின்றன. இவை இரண்டும் ஒரே வேகத்தில் சேர்வதில்லை என்பதே அறுவடை நாளைக் குறிப்பதில் உள்ள சிக்கல். ஆல்ஃபா அமிலம் முன்னதாகவே உச்சத்தை எட்டி அங்கேயே நின்றுவிட, எண்ணெய் அதற்குப் பின்னும் ஏறிக்கொண்டே போகும். ஆகவே அவசரப்பட்டுப் பறித்தவருக்குக் கசப்பு ஓரளவு கிடைத்துவிடும், மணம் கிடைக்காது. அளவுக்கு மீறித் தாமதித்தாலோ பூண்டு, வெங்காய நெடி தலைகாட்டத் தொடங்கும்.

எவ்வளவு வீரியம் ஏறும் என்பதைப் பெரும்பாலும் கொடியின் ரகம் தீர்மானிக்கிறது. 1972-ல் வெளியான காஸ்கேட் ரகத்தில் ஆல்ஃபா அமிலம் ஏறத்தாழ 4.5 முதல் 7 விழுக்காடு வரைதான் இருக்கும். எந்த உரமும் அதை இரட்டிப்பாக்காது. இலைகளை உருவினால் கூம்பு திரளும், வேரில் வெல்லப்பாகு ஊற்றினால் மணம் கூடும் என்று சொல்பவர்களின் பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை. நம் கையில் இருப்பது, ரகத்துக்குரிய வீரியம் குறைந்துவிடாமல் காப்பது மட்டுமே. பூ அரும்பத் தொடங்கியதும் தழைச்சத்து உரத்தை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் கொடி மேலும் மேலும் இலை விட்டு, அசுவினியையும் சாம்பல் நோயையும் வரவழைக்கும். தண்ணீரை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்கக் கூடாது. கூம்பு திரளும் வாரங்களில்தான் கொடிக்குத் தாகம் அதிகம். 2022-ஆம் ஆண்டுக் கோடையின் வெப்பத்திலும் வறட்சியிலும், ஜெர்மனியின் ஹாலெர்டாவ் பகுதியில் விளைச்சலோடு ஆல்ஃபா அளவும் சரிந்ததை இங்கே நினைவில் கொள்ளலாம்.

முற்றிய கூம்பை முதலில் கைதான் கண்டறியும். இளங்கூம்பு ஈரமாக, மெத்தென்று இருக்கும். அழுத்தினால் அழுந்தியபடியே நிற்கும். முற்றியதோ காகிதம்போலச் சரசரக்கும், விட்டதும் பழைய வடிவுக்கு மீளும், விரல்களில் பிசுபிசுப்பையும் மஞ்சள் கறையையும் விட்டுச் செல்லும். லுபுலினின் நிறமும் வெளிர் மஞ்சளிலிருந்து அடர் மஞ்சளுக்கு மாறியிருக்கும். செதில்களின் நுனி லேசாகப் பழுப்பேறுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கூம்பு முழுவதும் பழுப்பாகிவிட்டால்தான் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

கையை நம்பாதவர்கள் தராசை நம்பலாம். கொடியின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளிலிருந்து கலந்து பறித்த 25 கிராம் கூம்பை, எடை மேலும் குறையாத அளவுக்கு முற்றிலும் உலர்த்தி மறுபடி நிறுக்க வேண்டும். 5.75 கிராம் நின்றால் உலர் பொருள் 23 விழுக்காடு. அதுவே பறிக்கத் தக்க பதம். 20-க்குக் கீழே இருந்தால் சில நாள் காத்திருந்து மீண்டும் சோதிக்கலாம். மேலே வெயில் படும் கூம்புகள் முந்தி முற்றும் என்பதால், வீட்டுக் கொடியில் ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு மூன்று தவணையாகப் பறிப்பதே நல்லது. முழுக்கைச் சட்டை அணிந்துகொள்ளுங்கள். கொடியின் முட்கள் உரசிய இடம் தடித்து அரிக்கும். வீட்டில் நாய் இருந்தால் ஒரு கூம்பும் தரையில் கிடக்கக் கூடாது. ஹாப்ஸைத் தின்ற நாய்க்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

பறித்த கூம்பில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அன்றைக்கே உலர்த்தத் தொடங்காவிட்டால் குவியல் சூடேறிப் புழுங்கிவிடும். வலைச்சட்டத்தில் ஓரடுக்காகப் பரப்பி, வெயில் படாத அறையில் மின்விசிறிக் காற்றில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். உலர்த்தும் பெட்டி உள்ளவர்கள் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளலாம், ஏனெனில் சூடு கூடக்கூட எண்ணெய் பறந்துபோகும். செதில் முதலில் காய்ந்து ஏமாற்றும் என்பதால் கூம்பின் நடுக்காம்பை வளைத்துப் பார்க்க வேண்டும். வளைந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது, பட்டென்று ஒடிந்தால் எடுத்துவிடலாம். காற்று நீக்கிய பையில் அடைத்து உறைபெட்டியில் வைக்காவிட்டால், சில மாதங்களில் பழைய பாலாடைக்கட்டியின் வாடை ஏறிவிடும்.

வீட்டுக் கூம்பின் ஆல்ஃபா அளவு நமக்குத் துல்லியமாகத் தெரியாது என்பதால், பீர் காய்ச்சும்போது கசப்புக்குக் கடையில் அளவு குறித்து விற்கும் ஹாப்ஸையும், கொதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் மணத்துக்காக நம்முடையதையும் போடுவதே என் வழக்கம். உலர்த்தாமல் பச்சையாகவே போட விரும்பினால், உலர்ந்ததற்குச் சொல்லும் எடையைப் போல் ஐந்து மடங்கு வேண்டியிருக்கும்.