நண்பரை மான் வேட்டைக்கு அழைத்துப் போகும் முன்

இங்கிலாந்தில் பண்ணை நிலத்தில் ரோ (roe) என்னும் சிறிய வகை மானைச் சுட முதன்முறையாக நண்பரைக் கூட்டிப் போகிறீர்களா? நீங்கள் சுட அனுமதி இருந்தால் போதாது; விருந்தாளியை அழைத்து வரலாமா என்று நில உரிமையாளரிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள். ஆண் மானுக்கு ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை, பெண் மானுக்கு நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரைதான் பருவம்.

முதல் நாள் நண்பர் கையில் பைனாகுலர் மட்டும் போதும் என்பேன். துப்பாக்கியின் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வழியாக எதையும் தேடவே கூடாது. பார்வை போகும் இடத்துக்கெல்லாம் குழலும் திரும்பும்; அந்தப் பக்கம் நாயோடு யாராவது நடந்து வரலாம். மானுக்குப் பின்னால் தோட்டாவைத் தடுக்க மண்மேடு இருக்கிறதா என்பதை நண்பரே பார்த்துச் சொல்லட்டும். மேட்டின் விளிம்பில், பின்னால் வெறும் வானம் தெரிய நிற்கும் மானை விட்டுவிடுங்கள், எவ்வளவு நல்ல வாய்ப்பானாலும் சரி. வேலி தாண்டும் முன் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிடுங்கள்.

சூரியன் மறைந்து 1 மணி நேரத்துக்கு அப்புறம் மானைச் சுடுவது குற்றம். நரிக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் விளக்கொளியில் மின்னும் கண்களை மட்டும் நம்பாதீர்கள். ஆடு, நாய், பூனை எல்லாவற்றின் கண்ணும் மின்னும். முழு உடம்பும் தெரியும்வரை காத்திருங்கள்.