மூட்டூசாமி சென்னையில் சிம் வாங்கும் முறை

மூட்டூசாமி போன்ற பெயருள்ள மொரீசியஸ் தமிழரான நாம், ஊரிலிருந்தே இ-சிம் (அட்டையில்லாமல் போனிலேயே பதியும் சிம்) போட்டுக்கொண்டு சென்னையில் இறங்கலாம். ஆனால் பயணிகளுக்கான இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டுமே தரும். இந்திய எண் கிடையாது. எண் இல்லையென்றால் ஓடிபி இல்லை, ஓடிபி இல்லாமல் அங்கே பாதிக் காரியம் நகராது. ஆகவே சிம் விற்கும் கவுண்டர்தான்.

அங்கே கேட்பவை: அசல் பாஸ்போர்ட், விசா, குடிவரவு முத்திரை விழுந்த பக்கம், தங்கும் முகவரி, உள்ளூர்க்காரர் ஒருவரின் எண். போட்டோ வேண்டாம்: 2024 ஜனவரி 1 முதல் காகிதப் படிவம் ஒழிந்தது, முகத்தை அங்கேயே படமெடுக்கிறார்கள். உள்ளூர் எண்ணுக்கு ஓடிபி போகும். பின்னிரவு விமானமென்றால் அத்தையை முன்கூட்டியே சொல்லி விழித்திருக்க வையுங்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்றுதான் அவரைப் பழக்கியிருக்கிறார்கள்.

"ஆதார் இருக்கா?" என்பார்கள். நம் ஏழாம் தலைமுறைக்கும் ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் அட்டை) உண்டு என்று 2024 மார்ச்சில் அறிவித்தார்கள்தான். ஓசிஐ இருந்தாலும் நாம் வெளிநாட்டவரே, பாஸ்போர்ட்டை நீட்டுங்கள்.

அதை நீட்டியபின் வாயைத் திறக்காதீர்கள். மொரீசியஸுக்குக் கப்பலேறி வந்த முப்பாட்டன் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். ஆங்கிலத்தில் எம்முக்குப் பின் இரண்டு ஓ, டீக்குப் பின் இரண்டு ஓ. அதுவே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. வாயால் சொன்னால் கவுண்டர் பையன் யூவும் ஹெச்சும் போட்டு முத்துசாமி என்று தட்டிவிடுவான். நமக்கு எழுதத் தெரியவில்லை என்று திருத்துகிறானாம்! பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாத பெயரென்றால் விண்ணப்பம் திரும்பிவிடும். அது தெரியவரும்போது நீங்கள் தஞ்சாவூர் பஸ்ஸில் இருப்பீர்கள். திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். தகப்பன் பெயர்க் கட்டத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டாவது பெயர் அப்பாவுடையது என்பது வழக்கம், முப்பாட்டனை உங்களுக்கு அப்பாவாக்கிவிடுவார்கள். அவர் திரும்பிப் போகாத ஊரில் அவர் பெயரே செல்லாமல் போவது உறுத்தத்தான் செய்யும். இரண்டு ஓவை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சிம் உயிர்பெறச் சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் ஆகும். நம் மொரீசியஸ் சிம்மை (230-இல் தொடங்குவது) கழற்ற வேண்டாம். வங்கி ஓடிபி அதில்தான் வரும். டேட்டா ரோமிங்கை மட்டும் அணையுங்கள்.

"என் பேர்ல ஒண்ணு வாங்கித் தரேன்" என்பார் மாமா. ஒருவர் பெயரில் 9 இணைப்புக்கு மேல் கூடாது, பொறுப்பும் அவர் தலையில் விழும். அன்போடு மறுத்துவிடுங்கள், கொஞ்சம் கோபிப்பார்.

திரும்புமுன் வாட்ஸ்ஆப்பை ஐந்தில் தொடங்கும் நம் மொரீசியஸ் எண்ணுக்கே மாற்றிவிடுங்கள். கைவிட்ட எண் பிறகு வேறொருவருக்குப் போகும்; அத்தை அந்த எண்ணைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.