எதிர்க்கட்சித் தலைவருக்கு இடதுசாரி வாக்காளர் விசுவாசமாக இருந்தே ஆக வேண்டுமா? இந்த விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்க நெருங்க ஒரு அதட்டல் கேட்கும்: ஆளுங்கட்சி போக வேண்டுமா, அப்படியென்றால் எதிர்க்கட்சித் தலைவரைக் குறை சொல்லாதே, வாயை மூடிக்கொண்டு ஓட்டுப் போடு. இடதுசாரிகளைப் பார்த்துத்தான் இதை அதிகம் சொல்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று தலைமை நினைக்கிறது. பிரிட்டனில் தொழிலாளர் கட்சி 2010 முதல் 2024 வரை எதிர்க்கட்சியாக இருந்தது. இந்த விவாதத்தில் செய்யக்கூடிய தவறுகள் ஏறக்குறைய எல்லாமே அங்கே நடந்துவிட்டதால், பெரும்பாலும் அதை வைத்தே பேசுகிறேன். என் நிலைப்பாடு இதுதான்: வாக்காளர் எந்தத் தலைவருக்கும் விசுவாசம் காட்டக் கடமைப்பட்டவர் இல்லை, ஆனால் தன் ஓட்டு என்ன செய்யும் என்று கணக்குப் பார்க்கும் பொறுப்பிலிருந்து அவர் தப்பவும் முடியாது.

முதல் தவறு, வாக்காளரையும் கட்சிக்காரரையும் ஒன்றாகப் பார்ப்பது. எம்.பி. கட்சிப் பெயரில் நின்று ஜெயித்தவர், கொறடா உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர். உறுப்பினர் சந்தா கட்டி, விதிகளை ஏற்றுச் சேர்ந்தவர். வாக்காளர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பிரிட்டனில் 1872-ல் ரகசிய வாக்குப்பதிவு வந்ததே, நிலக்கிழாரோ முதலாளியோ 'யாருக்குப் போட்டாய்' என்று மிரட்ட முடியாமல் இருக்கத்தான். அந்த மிரட்டலைக் கட்சித் தலைமை செய்தால் மட்டும் நியாயமாகிவிடுமா?

அடுத்தது, தலைவரும் கொள்கையும் ஒன்றுதான் என்று நினைப்பது. 2020-ல் தொழிலாளர் கட்சியின் தலைமைப் போட்டியில் நின்று ஜெயித்தபோது கியர் ஸ்டார்மர் பத்து வாக்குறுதிகள் கொடுத்தார். பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழிப்பது, ரயில், அஞ்சல், எரிசக்தி, தண்ணீர் ஆகியவற்றைப் பொது உடைமையாக்குவது எல்லாம் அதில் இருந்தன. கட்டணம் பற்றிய வாக்குறுதியை 2023 மே மாதம் கைகழுவினார். 2024 தேர்தல் அறிக்கையில் அஞ்சலையும் தண்ணீரையும் பொது உடைமையாக்கும் பேச்சே இல்லை. சூழல் மாறிவிட்டது என்று அவர் விளக்கம் சொல்லலாம், அதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த வாக்குறுதிகளை நம்பி வந்தவரைப் பார்த்து 'நீ ஏன் விசுவாசமாக இல்லை' என்று கேட்க முடியாது. வாக்கு மாறியது அந்த வாக்காளர் இல்லையே.

தனக்குப் பிடித்தவர் தலைவராக இருக்கும்போது மட்டும் விசுவாசம் பேசுவது இன்னொன்று. 2016 ஜூனில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில், அன்றைய தலைவரான இடதுசாரி ஜெரமி கார்பினுக்கு எதிராகத் தொழிலாளர் கட்சி எம்.பி.க்கள் 172 பேர் வாக்களித்தார்கள், ஆதரவு வெறும் 40. அவரோ அதே ஆண்டு செப்டம்பரில் கட்சித் தலைவர் தேர்தலில் 61.8 சதவீதம் வாங்கி மறுபடி ஜெயித்தார். அன்று 'தலைவருக்குக் கட்டுப்படு' என்று இடதுசாரிகள் சொன்னார்கள், மறுபக்கம் கேட்கவில்லை. சில வருடங்களில் ஸ்டார்மர் தலைவரானதும் வசனம் அப்படியே பக்கம் மாறியது. அன்று கார்பினுக்கு முட்டுக் கொடுத்தவர்களும் இதை நேர்மையாக யோசிக்க வேண்டும்.

சரி, இப்போது பெரிய குற்றச்சாட்டுக்கு வருவோம்: 'ஓட்டைப் பிரித்துவிட்டாய், நீ எதிரியின் பி டீம்.' லண்டனின் சிங்ஃபோர்டு அண்ட் வுட்ஃபோர்டு கிரீன் தொகுதியைப் பாருங்கள். 2019-ல் தொழிலாளர் கட்சியின் ஃபைசா ஷாஹீன், கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் தலைவர் இயன் டங்கன் ஸ்மித்திடம் 1,262 ஓட்டில் தோற்றார். 2024-லும் அவரே வேட்பாளர் என்று இருந்த நிலையில், தேர்தல் அறிவித்த பிறகு கட்சித் தலைமை அவரை நீக்கிவிட்டு வேறொருவரை நிறுத்தியது. அவர் சுயேச்சையாக நின்றார். முடிவு: டங்கன் ஸ்மித் 17,281, தொழிலாளர் கட்சி 12,524, ஷாஹீன் 12,445. இருவரின் ஓட்டையும் கூட்டினால் ஏறக்குறைய 25,000. யார் ஓட்டை யார் பிரித்தார்? இருவருக்கும் வித்தியாசம் 79 ஓட்டுதான்! ஓட்டுப் பிரிந்தது என்று சொல்லும்போது, பிரியும்படி முடிவெடுத்தவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பழியை வாக்காளர் தலையில் மட்டும் கட்டக்கூடாது. அதே தேர்தலில் இஸ்லிங்டன் நார்த்தில் கார்பின் சுயேச்சையாக நின்று 24,120 ஓட்டு வாங்கி ஜெயித்தார், அவரை எதிர்த்த தொழிலாளர் கட்சி வேட்பாளருக்கு 16,873. தொகுதிக்குத் தொகுதி கணக்கு மாறும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு, என்னைக் கேட்டால் இதுதான் ஆபத்தானது. 'நான் யாருக்கும் கடன்படவில்லை, அதனால் என் ஓட்டால் வரும் விளைவுக்கும் நான் பொறுப்பில்லை' என்று நினைப்பது. 2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ், ஜனநாயகக் கட்சியின் அல் கோரைவிட வாங்கிய கூடுதல் ஓட்டு 537. அங்கே இடதுசாரிகளை ஈர்த்த பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நாடருக்கு விழுந்தவை 97,000-க்கும் மேல். நாடருக்குப் போட்டவர்கள் கோருக்குத் துரோகம் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களின் ஓட்டைக் கோர்தான் சம்பாதித்திருக்க வேண்டும். ஆனால் அதிக ஓட்டு வாங்கியவர் மொத்தத்தையும் அள்ளிக்கொள்ளும் முறையில், போட்டி கடுமையான இடத்தில் இப்படி நடக்கும் என்பது முன்கூட்டியே தெரியக்கூடிய விஷயம்தான்.

2002-ல் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் நடந்ததை இன்னும் கவனிக்க வேண்டும். அங்கே முதல் சுற்றில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள்தான் இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். முதல் சுற்றில் இடதுசாரி ஓட்டுகள் பல வேட்பாளர்களுக்குச் சிதறியதில் சோஷலிஸ்ட் பிரதமர் ஜோஸ்பன் 16.2 சதவீதத்தோடு மூன்றாமிடம் போனார், தீவிர வலதுசாரி லெ பென் 16.9 சதவீதத்தோடு இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட்டார். அப்புறம் என்ன செய்தார்கள்? இடதுசாரிகள் திரளாகப் போய் வலதுசாரியான ஷிராக்குக்கே ஓட்டுப் போட்டார்கள், அவர் 82 சதவீதம் வாங்கினார். அவர்களில் யாரும் ஷிராக்கின் விசுவாசிகள் இல்லை, மறுநாளே அவரை எதிர்க்கத் தயாராக இருந்தவர்கள். ஒருவரைத் தடுக்க இன்னொருவருக்குப் போடலாம், போட்டுவிட்டு அவரையும் கேள்வி கேட்கலாம்.

கடைசியாக, கோபத்தையெல்லாம் வாக்குப்பதிவு நாளுக்கென்று சேர்த்து வைப்பது. தலைமையை அசைக்க நல்ல நேரம் தேர்தலுக்கு வெகு முன்னால்தான், அறிக்கையும் வேட்பாளர் பட்டியலும் முடிவாகும் முன்பு. பிரிட்டனில் இரண்டு குழந்தைக்கு மேல் உதவித்தொகை கிடையாது என்ற விதியை நீக்கப் போவதில்லை என்று 2023 ஜூலையில் ஸ்டார்மர் சொன்னார். ஆட்சிக்கு வந்ததும் 2024 ஜூலையில் அதை நீக்கக் கோரி வாக்களித்த சொந்தக் கட்சி எம்.பி.க்கள் 7 பேரை இடைநீக்கம் செய்தார்கள். கட்சிக்குள்ளும் வெளியிலும் நெருக்கடி நிற்கவில்லை. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அதே அரசு அந்த விதியை நீக்குவதாக அறிவித்தது. 'இப்போது பேசாதே, ஆட்சிக்கு வரட்டும்' என்ற பேச்சைக் கேட்டு எல்லோரும் அடங்கியிருந்தால் அந்தக் குடும்பங்களுக்காக யார் பேசியிருப்பார்கள்?