ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் இணையவில்லையா? அவசரப்பட்டு ரீசெட் செய்யாதீர்கள்

போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் இணைய மறுத்ததுமே பலரும் போய் அமுக்குவது 'நெட்வொர்க் ரீசெட்'. அதைக் கடைசிக்கு வையுங்கள். சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகள் மொத்தமும் போய்விடும்; பழைய கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ஹாட்ஸ்பாட்டின் பெயரே லேப்டாப்பில் தெரியவில்லையா, தெரிந்தும் இணையவில்லையா, இணைந்தும் நெட் வரவில்லையா? மூன்றும் வேறு வேறு கோளாறுகள். ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதில்தான் பாதி நேரம் வீணாகிறது.

பெயரே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அலைவரிசைதான் காரணம். போன் 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும். பழைய லேப்டாப்புக்கோ 2.4 மட்டும்தான் காதில் விழும். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போய் 2.4-க்கு மாற்றுங்கள். ஐபோன் 12-லிருந்து வந்த மாடல்களில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற பொத்தானை இயக்கினால் அதே வேலை நடக்கும். ஐபோன்காரர்கள் இன்னொன்றும் செய்வார்கள்: ஹாட்ஸ்பாட்டைப் போட்டதும் திரையை அணைத்துவிடுவார்கள். லேப்டாப் இணையும்வரை ஹாட்ஸ்பாட் அமைப்புப் பக்கம் திரையில் திறந்தே இருக்கட்டும்.

பெயர் தெரிந்தும் இணையவில்லையா? பாஸ்வேர்டை மாற்றியபின் லேப்டாப் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' செய்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். போன் டபிள்யூபிஏ3 என்ற புதிய வகை வைஃபை பாதுகாப்பில் இருந்தால் பழைய லேப்டாப்புக்குப் புரியாது, அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 போதும். தொல்லை விட்டது என்று பாஸ்வேர்டையே எடுத்துவிடாதீர்கள், அக்கம்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் டேட்டாவைத் தின்னலாம்.

இணைந்தும் நெட் வராதபோது லேப்டாப்பில் தெரியும் முழு சிக்னலை நம்பி ஏமாறுவோம். அது போனுக்கும் லேப்டாப்புக்கும் இடையிலான பலம் மட்டுமே. டவரிலிருந்து போனுக்கு வருவது வேறு கதை. போனின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஏதாவது ஒரு பக்கம் திறக்கிறதா பாருங்கள். திறந்தால் லேப்டாப்பின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்குக் கிடைத்த எண்ணை, பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் போன் முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள்; ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போடுங்கள். முகவரி சரியாக இருந்தால் லேப்டாப்பில் விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் மென்பொருள்) ஓடுகிறதா என்று தேடுங்கள்.

அப்புறமும் குழப்பமா? யூஎஸ்பி கேபிளில் இணைத்துப் பாருங்கள். அதில் நெட் வந்தால் போனின் மொபைல் டேட்டா மேல் பழியில்லை, வைஃபை பக்கம்தான் தகராறு. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருந்துவிட்டால் இந்தச் சோதனையே பொய் சொல்லும். நான் ஒரு மாலை முழுவதும் அப்படி ஏமாந்திருக்கிறேன்.