சுஷி சாப்பிடப் போகிறீர்களா? ஆர்டர் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

'கடல் வளத்தைக் காக்கும் உணவகம்' என்ற பலகையைப் பார்த்தால் மெனுவில் எதையும் யோசிக்காமல் ஆர்டர் செய்யலாம் என்றே நானும் நினைத்தேன். கேள்வி கேட்டுச் சாப்பிடப் பழகிய பிறகு நான் பின்பற்றும் முறை இது.

1. கிளம்புவதற்கு முன் மெனுவைப் படியுங்கள். மீன் பெயரோடு பிடித்த இடமும் விதமும் இருந்தால் நல்லது. வெறும் 'டூனா' என்று இருந்தால் எந்தச் சூரை என்று கேளுங்கள். கைத்தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்த ஸ்கிப்ஜாக் சூரை எனக்குப் பிடிக்கும். நீண்ட கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலில் ஆமையும் சுறாவும்கூட மாட்டிக்கொள்கின்றன.

2. சந்தேகமான மீனை அமெரிக்காவின் மான்டரே பே அக்வேரியத்தின் 'சீஃபுட் வாட்ச்' பட்டியலில் தேடுங்கள். பச்சை (நல்ல தேர்வு), மஞ்சள் (பரவாயில்லை), சிவப்பு (தவிர்க்க வேண்டியது) என்று பிரித்திருப்பார்கள். வளம் குன்றாமல் பிடித்த மீனுக்குத் தரும் எம்எஸ்சி நீல முத்திரையைவிட எனக்கு இதுதான் வசதி. அந்த முத்திரை கடலில் பிடித்தவற்றுக்கு மட்டும்தான், இந்தப் பட்டியலில் பண்ணை மீனும் உண்டு.

3. நான் தடுக்கி விழுந்த இடம் உனாகி, அதாவது விலாங்கு. "பண்ணையில் வளர்த்தது" என்று பரிமாறுபவர் சொன்னதும் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டேன். பண்ணைக்குக் குஞ்சு எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்க வேண்டும். விலாங்குப் பண்ணைகள் பெரும்பாலும் கடலிலிருந்து ஆற்று முகத்துவாரத்துக்கு வரும் கண்ணாடி போன்ற குஞ்சுகளைப் பிடித்துத்தான் வளர்க்கின்றன. அப்படிப் பிடித்த குஞ்சுகள் முட்டையிடக் கடலுக்குத் திரும்பிப் போவதில்லை. ஜப்பானிய விலாங்கை ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2014-லேயே அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அறிவித்துவிட்டது. புளூஃபின் சூரையிலும் பல பண்ணைகள் கடலில் பிடித்ததைத்தான் கொழுக்க வைக்கின்றன. அதனால் 'பண்ணை' என்று கேட்டவுடன் "குஞ்சு எங்கே கிடைத்தது?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.

4. சரி, எதை ஆர்டர் செய்வது? வளர்த்த சிப்பி வகைகள். இவற்றுக்குத் தீனி போட வேண்டியதில்லை, தண்ணீரை வடிகட்டியே வாழ்பவை. அப்புறம் மத்தி. மத்தி, கானாங்கெளுத்தி இவற்றின் நிலை கடலுக்குக் கடல் மாறும், பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஒமகாசே என்றால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். சமையல்காரர் விருப்பப்படி பரிமாறும் முறை அது, நடுவில் மறுப்பது இருவருக்கும் சங்கடம். முன்பதிவு செய்யும்போதே "விலாங்கும் புளூஃபினும் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படிச் சொன்ன அன்று விலாங்குக்குப் பதிலாக வினிகரில் ஊறிய மத்தி வந்தது. இப்போது அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.